ஆணி அடிக்காத சுவர்

ஹாலிலிருந்து "செத்தான்டா!" என்று ஒரு கூச்சல் கேட்டது. கூடவே தொடையைத் தட்டிச் சிரிக்கிற சத்தம். அடுக்களையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்த மீனாட்சிக்குக் கை உதறி, முந்திரிக்கொத்து உருண்டை ஒன்று தொப்பென்று விழுந்து எண்ணெய் தெறித்தது.

"ஏலே பாலா! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுத? யாருலே செத்தது?"

"யாரும் சாகலம்மா. குரூப்புல ஒருத்தன். நான் போட்ட ஒரே கமென்ட்டுல ஆளு காலி!"

மீனாட்சி முந்தானையில் கையை ஒற்றிக்கொண்டு சிரித்தாள். இந்தச் சண்டை அவளுக்குப் புதிதல்ல. மகன் பாலகணேஷ் ஆபீசில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவான். வீட்டுக்கு வந்தால் போனைக் கட்டிக்கொண்டு சண்டை போடுவான். 'வீடா வாடகையா' என்று ஒரு குரூப். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதில். கடன் வாங்கிச் சொந்த வீடு வாங்குவது புத்திசாலித்தனமா, காலம் முழுக்க வாடகை கொடுப்பது புத்திசாலித்தனமா என்று ஒரு விவாதம். ஆரம்பத்தில் வட்டி, சதுர அடி, ஈஎம்ஐ என்றுதான் பேசுவார்கள். கொஞ்ச நேரம் போனால் ஒருவனுடைய சம்பளத்தை இழுப்பார்கள். அப்புறம் அவன் பெண்டாட்டியை. அப்புறம் அவனைப் பெற்றவர்களை.

அங்கே பாலாவுக்குப் பெயர் 'சொந்த வீட்டுச் சிங்கம்'. தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டுப் போனுக்கு வாயால் சொல்லித்தான் கமென்ட் போடுவான். அதனால் சிங்கத்தின் கர்ஜனை வீடு முழுக்கக் கேட்கும். மருமகள் தீபிகா காதில் எதையாவது மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். மீனாட்சி மட்டும் தொலைக்காட்சித் தொடர் கேட்பதுபோல ஆசையாகக் கேட்பாள். சொந்த வீட்டுக்காக மகன் வாதாடும்போதெல்லாம் தன் வாழ்க்கைக்கே யாரோ மாலை போடுவதுபோல அவளுக்கு இருக்கும்.

இருக்காதா பின்னே? கோவில்பட்டியிலிருந்து கழுத்தில் தாலியும் கையில் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்தவள். கணவர் அய்யாதுரை அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறை. பாலா கைக்குழந்தை. பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த மீனாட்சியின் அப்பா, வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வீட்டுக்காரி கேட்டைப் பூட்டிவிட்டாள். "சாவை உள்ள விடமாட்டேன். குடித்தனக்காரங்களுக்கு ஒரு முறை இருக்கு" என்றாள். ஊரிலிருந்து அண்ணன்மார் வந்து சேரும் வரையில், தெருமுனை டீக்கடைப் பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சைக்கிளில் போகிறவர்கள் மணி அடித்து ஒதுங்கிப் போனார்கள். மீனாட்சி தலைமாட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் ஈ ஓட்டினாள். 'சாகிறதுக்காவது சொந்தமா நாலு சுவர் வேணும்' என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் ஒரு சபதம் விழுந்தது.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சமா? நகைகள் எல்லாம் போயின. தீபாவளிக்குப் புதுப்புடவை என்பதே மறந்து போனது. அய்யாதுரை உஸ்மான் சாலைப் பக்கம் சொந்தமாகச் சின்ன ரெடிமேட் கடை போட்டார். மந்தைவெளியில் இந்த வீடு எழும்பியது. மாடியில் இவர்கள், கீழே ஒரு போர்ஷன் வாடகைக்கு. வங்கிக் கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கி வந்த அன்று, மீனாட்சி அதைச் சாமி முன்னால் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

கீழ் போர்ஷனில் ஒன்பது வருஷமாகக் கருணாகரனும் நிலாவும் இருந்தார்கள். குழந்தை இல்லை. அவர் அடையாற்றில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். நிலாவுக்கு ஐம்பது வயது. மீனாட்சியை வாய் நிறைய "மீனாக்கா" என்பாள். பிரதோஷத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் கபாலி கோயிலுக்குப் போவார்கள். திரும்பும்போது மாட வீதியில் வளையல் கடையைப் பார்த்துவிட்டால் நிலாவை இழுத்து வருவது பெரும்பாடு. குடல் புண் என்று சொல்லி, மூன்று வாரமாக அவள் மதுராந்தகத்தில் தன் அக்கா வீட்டில் ஓய்வெடுக்கிறாள். கருணாகரனும் பாதி நாள் அங்கேதான். நிலாவுக்குப் போன் போட்டால் அவர்தான் எடுத்து, "தூங்கறா அக்கா" என்பார். இந்த முந்திரிக்கொத்துகூட அவளுக்காகத்தான். கருணாகரன் அடுத்த தடவை போகும்போது ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும்.

"அம்மா, இங்க வாயேன். இன்னிக்கு ஒரு செம கேஸ் மாட்டியிருக்கு" என்று பாலா கூப்பிட்டான்.

மீனாட்சி அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள். "யாருலே அது?"

"'ஜன்னலோரம்'னு ஒருத்தன். இத்தனை நாளும் வாடகை வீடுதான் நிம்மதின்னு எழுதிட்டிருந்தான். இப்ப திடீர்னு பிளேட்டை மாத்தறான். ஐம்பத்தஞ்சு வயசாம். பொண்டாட்டிக்குக் கேன்சராம். டாக்டர் கைவிட்டுட்டாங்களாம். வாடகை வீட்டுல உயிர் போனா ஓனர் ஒத்துக்க மாட்டாங்களாம். உடனே சாவி கிடைக்கிற மாதிரி ஊருக்கு வெளியே சின்ன வீடு, லோன் கிடைக்குமான்னு கேக்கறான்."

"அடப் பாவமே!"

"என்ன பாவம்? கதை விடறாம்மா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பொண்டாட்டியைக் காட்டி அனுதாபம் தேடறான். அப்படியே உண்மைன்னு வெச்சாலும், இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தான்?"

மீனாட்சியின் கண்ணுக்கு முன்னால் அந்த டீக்கடைப் பெஞ்சு வந்து நின்றது. இரக்கமாகப் புறப்பட்டது உள்ளே எங்கேயோ முட்டிக்கொண்டு கோபமாக வெளியே வந்தது.

"பொண்டாட்டி தலை சாய்க்க ஒரு கூரை போடத் துப்பில்லாதவன் எதுக்குலே தாலி கட்டினான்?"

"அம்மா! சூப்பர்ம்மா!" பாலா துள்ளி எழுந்து, அதே வார்த்தைகளை அப்படியே போனுக்குச் சொன்னான். கமென்ட் ஏறியது. ஏறின கையோடு சிரிக்கிற பொம்மைகளும் கைதட்டுகிற பொம்மைகளும் வந்து விழுந்தன. "பாரு, உனக்கு எவ்ளோ ரசிகர்கள்!" என்று அவள் முகத்துக்கு நேரே போனைக் காட்டினான். அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஜன்னலோரத்திடமிருந்து பதில் வந்தது. 'கேட்க வேண்டிய கேள்விதான். அவளும் ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. ஜன்னல் பக்கத்துல படுக்கணும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும்தான் கேக்கறா.'

"டிராமா!" என்றான் பாலா. "இருடா, உன்னை முடிக்கறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்குச் சொல்ல ஆரம்பித்தான். "எங்க தாத்தா செத்தப்ப மாம்பலத்துல ஹவுஸ் ஓனர் கேட்டைப் பூட்டிட்டாங்க. டீக்கடைப் பெஞ்சுல போட்டு வெச்சிருந்தாங்க. எங்கம்மா உக்காந்து அழுதுட்டிருக்கல. வைராக்கியமா உழைச்சு வீடு கட்டினாங்க. அது மானமுள்ளவங்க செய்யற வேலை. நீங்க கமென்ட்ல அழுங்க."

இதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆரவாரம். மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டான்!

அப்புறம் வெகுநேரம் ஜன்னலோரத்திடமிருந்து சத்தமே இல்லை. "ஓடிட்டான்" என்று பாலா சோம்பல் முறித்தான். மீனாட்சி மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள்.

போன் டிங் என்றது. பாலா எடுத்துப் பார்த்தான். படித்தான். மறுபடியும் படித்தான். அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது?

"என்னலே?"

அவன் போனை அப்படியே அவள் கையில் கொடுத்தான். மீனாட்சி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஆடாம இருக்கக் கீழ ஒரு செங்கல் வெச்சாங்க. அந்தச் செங்கல்லதான் உங்கம்மா ராத்திரி வரைக்கும் கை வெச்சு உக்காந்திருந்தாங்க. தம்பி, நீங்க பாலாதானே?'

செங்கல்!

அந்தச் செங்கல்லைப் பற்றி மீனாட்சி பெற்ற பிள்ளையிடம் சொன்னதில்லை. அய்யாதுரைகூட மறந்திருப்பார். ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு மழைநாளில், கரண்டு போன மத்தியானத்தில், கீழ்வீட்டு ஜன்னலோரம் நிலாவின் மடியில் தலைவைத்துச் சொல்லி அழுதிருக்கிறாள்.

"நிலா..." என்று அவள் வாய் முணுமுணுத்தது. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கீழ் வீட்டு அண்ணாவா? அந்த அக்காவுக்கா கேன்சர்? அப்ப குடல் புண்ணுன்னது? மதுராந்தகம்னது?"

எல்லாம் பொய். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் நிலா. மூன்று வாரமாக. மீனாக்கா மீனாக்கா என்று காலைச் சுற்றி வந்தவள், சாகக் கிடக்கிறதை மீனாக்காவிடமே மறைத்திருக்கிறாள்!

"ஏம்மா மறைக்கணும்? நாம என்ன வேண்டாம்னா சொல்லப் போறோம்?" என்று பாலா கேட்டான்.

மீனாட்சிக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அட்வான்ஸ் வாங்கிய அன்று, இதே ஹாலில் அவள் படபடவென்று சொன்னது. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. கேட்டையும் கதவையும் டமார்னு சாத்தக் கூடாது. பைப்பைத் திறந்துவிட்டுப் போகக் கூடாது. அப்புறம், தப்பா நெனைக்காதீங்க, ஏதாவது கெட்டது நடந்தா ஆஸ்பத்திரியிலேருந்து அப்படியே கொண்டு போயிரணும், மேல நாங்க குடியிருக்கோம்லா?

மந்தைவெளியில், மயிலாப்பூரில், எந்த வீட்டுக்காரியும் சொல்கிற வாக்கியம்தான் அது. அவள் ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை. பைப்புக்கும் ஆணிக்கும் நடுவே வந்து விழுந்தது. சொன்ன மறுநிமிஷமே மறந்துவிட்டாள். அவர்கள் மறக்கவில்லை. பெஞ்சில் அப்பாவைப் போட்ட கதையை இவள் சொல்லி அழுத அன்று, அந்த நிலா இவள் தலையைக் கோதிக்கொண்டே ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாளே! அப்போது அவள் மனசில் என்ன ஓடியிருக்கும்?

"போன் போடுலே! கருணாகரனுக்குப் போன் போடு!"

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அப்ப அதுலேயே எழுது. கூட்டிட்டு வாங்கன்னு எழுது. நம்ம வீடுன்னு எழுது!"

பாலா இந்தத் தடவை வாயால் சொல்லவில்லை. விரலால் தட்டினான். 'அண்ணா, நான் பாலாதான். அம்மா அழறாங்க. அக்காவை உடனே கூட்டிட்டு வாங்க. இது உங்க வீடு.'

அடுத்த கணம் அந்தக் குரூப்பே பொங்கி எழுந்தது. இதயப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. 'கண்ணில் நீர் வருகிறது' என்றார் ஒருவர். 'இவள்தான் அந்தக் கேவலமான ஓனரா?' என்றார் இன்னொருவர். 'கூட்டி வரும்போது வீடியோ போடுங்கள்' என்றது ஒரு குரல். 'எந்தத் தெரு?' என்றது வேறொன்று. பாலா போனைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்ந்த போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

மீனாட்சி ஒரு பெட்ஷீட்டையும் மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். நிலா வருவாள். ஜன்னலோரம் படுக்கவேண்டும் என்றாளே!

விளக்கைப் போட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குள் வந்து போயிருக்கிறாள். இதை ஒரு நாளும் பார்க்கவில்லையே! சுவர் மொட்டையாக இருந்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்தது. சாமி படங்கள் அலமாரித் தட்டில் சாய்ந்திருந்தன. கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் மல்லாந்து கிடந்தது. கல்யாணப் போட்டோ தரையில், சுவரோரமாக ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்திருந்தது. அந்தப் போட்டோவில் நிலா வெட்கப்பட்டுத் தலைகுனிந்து சிரித்தாள். ஒரு ஆணி இல்லை. ஆணி அடித்த தழும்புகூட இல்லை.

மீனாட்சி மாடியைப் பார்த்துக் கத்தினாள். "பாலா! சுத்தியலும் ஆணியும் எடுத்துட்டு வாலே!"

கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். வெளுத்த பெட்ஷீட் விரித்தார்கள். தலைமாட்டுச் சுவரில் பாலா ஆணி அடித்தான். முதல் அடியில் சுண்ணாம்பு உதிர்ந்து பெட்ஷீட்டில் கொட்டியது. மீனாட்சி அதைத் தன் கையால் தட்டிவிட்டாள். கல்யாணப் போட்டோ ஆணியில் ஏறியது. பக்கத்து ஸ்டூலில் தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்தை வைத்தாள். எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

மறுநாள் மத்தியானம்தான் மாடிக் கதவு தட்டப்பட்டது. மீனாட்சி பாய்ந்து போய்த் திறந்தாள்.

கருணாகரன் தனியாக நின்றார். தலை ஈரமாக இருந்தது. புது வேட்டியில் மஞ்சள் கறை. மீனாட்சிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும், அவர் தோளுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"விடிகாலைல போய்ட்டாம்மா" என்றார். "எல்லாம் முடிஞ்சிது. மயிலாப்பூர் சுடுகாட்டுலயே. குளிச்சிட்டு வரேன்."

"உள்ள வாங்க. உள்ள வாங்க மொதல்ல!"

"வேணாம். தீட்டு கீது. இங்கியே நிக்கறேன்." நிலைப்படிக்கு வெளியே இன்னும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். "அவ அக்கா பையிலே என் சாவி மாட்டிக்கிச்சு. உங்ககிட்ட கீற சாவியைக் குடுத்தீங்கன்னா, அவ போட்டோ ஒண்ணு எடுத்துக்கினு போவேன். மதுராந்தகத்துல அவ அக்கா வூட்ல விளக்கு ஏத்தி வெச்சிருக்காங்க. மாசக் கடைசில காலி பண்ணிடறேன் ஓனரம்மா."

ஓனரம்மா! ஒன்பது வருஷம் அந்த வாய் "அக்கா" என்றுதானே கூப்பிட்டது!

"அண்ணா, நான் எழுதினதைப் பாக்கலையா?" பாலா முன்னால் வந்தான். "கூட்டிட்டு வாங்கன்னு எழுதினேனே!"

"பாத்தேன் தம்பி. ராத்திரி பூரா அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். "அவ போனப்புறம் ஆம்புலன்ஸ்காரன் எந்தப் பக்கம் போவணும்னான். மந்தைவெளின்னு வாய் வரைக்கும் வந்திச்சு. வீடியோ போடு, தெரு இன்னான்னு கேட்டுக்கினு அத்தினி பேர் நின்னுக்கினு இருந்தாங்களே. அவங்களுக்கு நடுவுல அவளை இறக்க எனக்கு மனசு வரல. அவ கூச்ச சுபாவம். உங்களுக்குத் தெரியாதா?"

மீனாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான் நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே, ஆஸ்பத்திரிலேந்து அப்படியே கொண்டு போய்ட்டேன்."

"நிலா... நான் சொன்னதை... அந்தக் கூரை, தாலின்னு நான்..." என்றாள் மீனாட்சி.

"அவளுக்குப் படிச்சுக் காட்டல. அவ என்னிக்குமே சொல்வா, அட்வான்ஸ் அன்னிக்கு மீனாக்கா சும்மா வாய்ல வந்ததைச் சொல்லிட்டாங்க, மறந்திருப்பாங்க, போய்க் கேட்டுச் சங்கடப்படுத்தாதீங்கன்னு." அவர் கையை நீட்டினார். "சாவி."

மீனாட்சி முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தாள். கீழே ஜன்னலோரம் விரித்துவைத்த கட்டில் இருக்கிறது, சுவரில் ஆணி இருக்கிறது, அதில் நிலா சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்வாள்? இன்னும் சற்று நேரத்தில் கதவைத் திறந்து அவரே பார்த்துவிடுவார்.

கருணாகரன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வரேன்" என்று அவர் சொல்வார் என்று பழக்கத்தில் மீனாட்சி காத்து நின்றாள். துக்கம் சுமந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது அவர் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் வெளியிலிருந்தே கதவின் பிடியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். தாழ்ப்பாள் நிலையில் மோதாமல் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் சொல்லிக்கொடுத்தது போலவே, துளிச் சத்தமில்லாமல், கதவு மூடிக்கொண்டது.